மண்ணுக்கு அடியில் ஓர் ஊர்

சென்னையிலிருந்து பண்ணுருட்டி வழியாகக் கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில், வடலூரை எட்டுவதற்கு முன்னரே நெய்வேலியின் நுழைவாயில் வளைவு எதிர்ப்படும். அதுவரை சாலையின் இருமருங்கும் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் பலாமரங்களுமே காட்சி தரும். வளைவைக் கடந்ததும் நேர்கோட்டுச் சாலைகள், நிழல் கவிந்த மரங்கள், தோட்டம் சூழ்ந்த ஓட்டு வீடுகள் என எல்லாம் மாறிவிடும். குடியிருப்புப் பகுதிகளுக்கு வட்டம் என்று பெயர். வட்டங்களுக்கோ எண்களே பெயர். கடலூர் மாவட்டத்தின் பிற ஊர்கள் தாமாக வளர்ந்தவை. நெய்வேலி, வரைபடத்தில் வரையப்பட்டுப் பின்னர் எழுந்த நகரம்.

இந்நகரின் கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார், தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டினார். நீரோடு கரிய துகள்களும் மேலே வந்தன. வேறொருவராயின் கிணறு கெட்டது என்று மூடியிருக்கக்கூடும். அவர் அதனை அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். ஆய்வுகள் தொடர்ந்தன, அடியில் கிடப்பது பழுப்பு நிலக்கரி என்பது உறுதியாயிற்று. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14 அன்று, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்.

பணி எளிதாக இருக்கவில்லை. நிலக்கரியை மூடிக் கிடந்த மணற்பாறை மிகக் கடினமானது. அதைவிடப் பெரிய இடர் நீர்தான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்துடன் நிலத்தடி நீர் தேங்கியிருந்தது. இப்பகுதியில் துளையிட்ட இடங்களில் நீர் தானே பீறிட்டெழுவதும் உண்டு. மேலுள்ள மண்ணை அகற்ற அகற்ற, அடிநீர் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துவிடும் அபாயம் இருந்தது. எனவே சுரங்கத்தைச் சுற்றிலும் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தனர். அவ்விறைப்பு இன்றும் நிற்கவில்லை. செருமானிய நாட்டு வாளிச்சக்கர இயந்திரங்கள் மண்ணை வெட்டின. வார்ப்பட்டைகள் அதனைத் தொலைவுக்குச் சுமந்து சென்றன. 1961 ஆகஸ்டு மாதத்தில் முதன்முதலாக நிலக்கரி வெளிப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் எழுந்த அனல்மின் நிலையம் 1962இல் மின்னாக்கத்தைத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் உழைத்த அந்நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. இன்று புதிய நிலையங்களின் மின்சாரம் தென்மாநிலங்கள் பலவற்றிற்குச் செல்கிறது.

நகரில் காணத்தக்கவை சில உண்டு. பத்தடிக்கும் மேலான உயரமுடைய ஐம்பொன் நடராசர் அருளும் கோயிலும், ஆண்டுதோறும் நடைபெறும் புத்தகக் காட்சியும் வெளியூராரை ஈர்ப்பவை. சற்றுத் தொலைவில், வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபை வடலூரில் உள்ளது. ஆயினும் நெய்வேலியின் மெய்யான காட்சி சுரங்கமே. அதன் விளிம்பில் நிற்பவருக்கு, அடித்தளத்தில் இயங்கும் பேரியந்திரமும் விளையாட்டுப் பொருள்போல் தோன்றும். அப்பால் தெரியும் குன்றுகள் இயற்கையானவை அல்ல. அகழ்ந்த மண்ணைக் கொட்டியதால் எழுந்தவை. அவற்றில் சிலவற்றின் மேல் மரம் வளர்த்துள்ளனர்.

அப்பள்ளம் இருக்குமிடத்தில் முன்பு ஊர்கள் இருந்தன. வயலும் வீடும் குளமும் ஊர்த்தெய்வமும் கொண்ட ஊர்கள் அவை. மக்கள் இடம்பெயர்ந்தனர். சிலருக்கு வேலை கிடைத்தது, எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்த இழப்பீடு, இழந்த நிலத்திற்கு ஈடாகவில்லை என்னும் குறை தலைமுறை கடந்தும் ஆறவில்லை. நிலத்தடி நீர் தாழ்ந்துவிட்டது என்று சுற்றுப்புற உழவர்கள் முறையிடுகின்றனர். சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் வாலாஜா ஏரிக்குச் சென்று வேறு சில வயல்களில் நெல்லை விளைவிப்பதும் உண்மையே. 2023ஆம் ஆண்டில் வளையமாதேவியில் கதிர்விடும் பயிரின் மீது மண்வெட்டும் இயந்திரம் இறங்கியபோது, பழைய வினா புதிதாக எழுந்தது: நாடு முழுமைக்கும் ஒளி தேவை, அதன் விலையை ஒரு வட்டாரம் மட்டுமே செலுத்த வேண்டுமா?

பங்குனி உத்திரத்தன்று வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குக் காவடிகள் திரளாக வருகின்றன. நகரியத்தின் எண்களுக்கு நடுவே பழைய பெயரைத் தாங்கி நிற்கும் இடம் அது. அங்கு வரும் முதியவர்களை எந்த ஊர் என்று வினவினால், சிலர் வட்டத்தின் எண்ணைச் சொல்வர். சிலர் இப்போது நிலத்தின்மேல் இல்லாத ஓர் ஊரின் பெயரைச் சொல்வர்.