எங்கள் தோட்டத்துக்கு ஒரு துப்பாக்கி

கோலமோ கூட்டுக் குழம்போ தேடி இந்தப் பக்கத்தைப் புரட்டிய சகோதரிகள், துப்பாக்கி என்ற சொல்லைக் கண்டதும் திகைத்துவிட வேண்டாம். நானும் உங்களைப் போல அரிவாள்மணைக்கு மேல் எந்த ஆயுதத்தையும் ஆண்டவள் அல்ல. ஆனால் 2025-ஆம் வருஷம் மே மாதத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் இதே பேச்சுத்தான். என்ன துப்பாக்கி வாங்குவது, எத்தனை போர், எங்கே மனுப் போடுவது!

காரணத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். 2024 நவம்பர் மாதக் கடைசியில், பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் தகப்பனார், தாயார், மகன் மூவரையும் ஒரே ராத்திரியில் வெட்டிக் கொன்றார்கள். அந்த நடுக்கம் அடங்குவதற்குள், 2025 மே முதல் தேதி, ஈரோடு ஜில்லா சிவகிரிப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி கொலையுண்டு கிடந்தார்கள். எங்கள் கொங்கு நாட்டில் வீடுகள் ஊருக்குள் ஒட்டி ஒட்டி இராது. அவரவர் பூமிக்கு நடுவே ஒரு சாளை. கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனி, கோயம்புத்தூரில் உத்தியோகம் என்று போய்விட்டார்கள். தென்னையையும் மாட்டையும் விட்டு வரமாட்டேன் என்று கிழவனும் கிழவியும் மட்டும் அங்கே. என் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான். அப்பாவுக்கு எழுபத்து மூன்று, அம்மாவுக்கு அறுபத்தெட்டு.

"தோட்டம் இருந்தால் தோட்டாவும் இருக்க வேண்டும்" என்று சிலேடையாகச் சொல்லி ஆரம்பித்து வைத்தவன் என் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டான். என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். சனிக்கிழமை சம்பளத்துக்காக வெள்ளிக்கிழமை இரவு ரொக்கம் வைத்திருக்கிற ஜாப் ஒர்க்காரர் அவர். அவருக்கும் உள்ளூர ஓர் ஆசை!

முதலில் இந்தப் 'போர்' விவகாரம். யுத்தம் அல்ல, குழலின் அகலம். பன்னிரண்டு போர் என்றால் பதினாறு போரைவிடச் சிறியதுதானே என்று நினைப்போம். அதுதான் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாக இருக்குமோ அது பன்னிரண்டு போர். பதினாறாகப் பிரித்தால் உருண்டை சிறிது, குழலும் சிறிது. பெரியப்பா இதை விளக்கியபோது ஆண்கள் எல்லாரும் விழித்தார்கள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. திருப்பூர்க்காரி அல்லவா? நம் நூல் கணக்கும் அதே கணக்குத்தான். 840 கெஜச் சிட்டங்கள் முப்பது சேர்ந்து ஒரு பவுண்டு நிறுத்தால் அது முப்பதாம் நம்பர் நூல். நாற்பது சேர்ந்தால் நாற்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற இழை மெலியும். துப்பாக்கியும் பனியனும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டவை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கைத்துப்பாக்கிகளுக்கு வேறு கணக்கு. .32 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் முப்பத்திரண்டு பங்கு. ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். .22 அதைவிட ஒடிசல். சினிமாவில் கதாநாயகன் சுழற்றுகிற 9 மில்லிமீட்டரும், பழைய பட்டாளத்து .303-ம் நமக்குக் கிடையாது. அவை தடை செய்யப்பட்ட போர்கள். ஆக, "எந்தக் காலிபர் நல்லது?" என்று அண்ணன் மண்டையை உடைத்துக்கொண்டதில் பாதி வேலையை 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் முன்பே முடித்து வைத்துவிட்டது. மிஞ்சுவது .32 ரிவால்வர், .22, பன்னிரண்டு போர் முதலான சில.

ரிவால்வருக்காக வாதாடியவர் என் வீட்டுக்காரர். கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலையில் 2014-ல் பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்று ஒரு .32 ரிவால்வர் செய்தார்கள். எடை அரைக் கிலோ. டில்லியில் 2012-ல் மடிந்த பெண்ணை நினைவில் வைத்து இட்ட பெயர். விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல்! அதற்கு ஒரு சங்கிலி வாங்கலாமே என்று என் மனம் கணக்குப் போட்டது. பிறகு, அந்தச் சங்கிலிக்காகத்தானே திருடன் வருகிறான் என்றும் தோன்றியது. அது கிடக்கட்டும். சின்னக் குழலுள்ள கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுட ஓயாத பழக்கம் வேண்டும். மூச்சு வாங்கும்போது, கை நடுங்கும்போது, இருட்டில், பத்தடியிலேயே தவறிப் போகும்.

பெரியப்பா பன்னிரண்டு போர் ரெட்டைக்குழல் கட்சி. அவர் வாலிபத்தில் அதைத் தோளில் வைத்துப் பழகியவர். "ரவை சிதறிப் போகும், குறி பார்க்கவே வேண்டாம்" என்று யாரோ சொன்னதற்கு அவரே சிரித்தார். நாலு கெஜ தூரத்தில் அந்த ரவைகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியுமாம். குறி பார்த்தே தீர வேண்டும். எடை மூன்று கிலோவுக்குக் குறையாது. நீளம் நம் உலக்கையோடு போட்டி போடும். அதைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியில் திரும்புவதற்குள் விடிந்துவிடும். சுட்டாலோ தோளில் மாடு முட்டின மாதிரி ஓர் உதை. கதவில் பட்டால் கதவோடு நிற்காது. அடுத்த அறையில் லீவுக்கு வந்த பேரன் படுத்திருப்பான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சட்டத்துக்கு நீளக் குழல்மேல் கொஞ்சம் தாட்சண்யம் உண்டு. உள்பக்கம் வழவழப்பாக, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள துப்பாக்கியைத் தற்காப்புக்கு என்று கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதபோது உரிமம் தரலாம். ரிவால்வருக்கோ, உண்மையிலேயே அவசியம் என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பதாக உறுதிமொழி எல்லாம் உண்டு. 2019-க்குப் பிறகு உரிமத்துக்கு ஆயுள் ஐந்து வருஷம். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கி வர வேண்டும். திருடர்கள் தேர்தல் அட்டவணை பார்க்க மாட்டார்கள் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவும் இரண்டு மணி நேரம் நடந்தது. ஆண்கள் யாருக்கும் ஒன்று மட்டும் தோன்றவில்லை. இதைத் தூக்கப் போவது யார்? அப்பாவுக்கு இடது காது மந்தம். படுத்தால் இடி விழுந்தாலும் கேட்காது. சத்தம் கேட்டு விழிக்கிறவள் அம்மா. அந்த அம்மாவோ அடுப்படியில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான்தான் போய்க் கேட்டேன்.

கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "ஏங் கண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல காலடிச் சத்தம் கேக்குதுன்னு வெச்சுக்க. அது யாரு?"

"திருடனாக இருக்கலாம், அம்மா."

"உங்கப்பன் அம்மிணி! கரண்ட் வந்திருச்சான்னு மோட்டார் போட எந்திரிச்சுப் போவாங்க. நா முழிச்சுப் பாத்தா பக்கத்துல ஆளிருக்காது. வாசல்ல சத்தம் கேக்கும். நித்தமும் அதேதான். அந்தச் சத்தத்தைப் பாத்து எங்கையில துப்பாக்கிய நீட்டச் சொல்றயா?"

சகோதரிகளே, எனக்குப் பேச்சே எழவில்லை. கூடத்துக்கு வந்து சொன்னேன். பேனா நின்றுவிட்டது.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருக்கிறார்களே என்பீர்கள். அங்கே மூன்று கவுண்டிகளில் நடந்த கொலைகளை ஆராய்ந்து 1993-ல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த வீடுகளில் கொலை நடக்கும் அபாயம் ஏறக்குறைய 2.7 மடங்கு, அதிலும் பெரும்பாலும் வீட்டு மனிதர், தெரிந்த மனிதர் கையால். இந்த ஆராய்ச்சியோடு சண்டை பிடித்தவர்களும் உண்டு. ஆனால் என் அம்மா சஞ்சிகை எதுவும் படிக்காமல் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள்.

அண்ணன் லேசில் விடவில்லை. "ராத்திரி வீடு உடைத்து வருகிறவனைத் தடுக்கச் சட்டமே உரிமை தருகிறது" என்றான். வாஸ்தவம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தற்காப்பு உரிமை இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. கண் விழித்து, கண்ணாடி தேடி, சாவி எடுத்து, பெட்டி திறந்து, தோட்டா போட்டு, வந்தவன் யார் என்று தெரிந்து, ஓடுகிறானா வருகிறானா என்றும் பார்க்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில்!

கடையத்துக்குப் பக்கத்தில் 2019 ஆகஸ்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முகமூடி போட்ட இருவர் அரிவாளோடு வந்து, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் கழுத்தைத் துண்டால் இறுக்கினார்கள். உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி செருப்பை வீசினார். பிறகு இருவருமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளால் விளாசினார்கள். காமிராவில் பார்த்த தமிழ்நாடே கை தட்டியது. சுதந்திர தினத்தன்று அரசாங்க விருதும் கிடைத்தது. ஆனால், நாற்காலியே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அம்மாளின் சங்கிலி போய்விட்டது, கையிலும் வெட்டு. சேமலைக்கவுண்டம்பாளையத்தில் மூன்று பேர் இருந்தும் முடியவில்லை. உறங்குகிற நேரத்தில் வருகிறவனுக்கு முன்னால் நாற்காலியும் ஒன்றுதான், நிர்பீக்கும் ஒன்றுதான்.

ஆகவே அம்மா தன் யோசனையைத் தானே நடத்தினாள். நகையை எல்லாம் பல்லடத்தில் பாங்கு லாக்கரில் வைத்துவிட்டாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. நகை லாக்கரில் இருப்பதைப் பால்காரர், தேங்காய் வியாபாரி, களையெடுக்க வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லி வைத்தாள். அதுதான் அவள் விளம்பரம்! வாசலில் நாலு மூலைக்கும் விளக்குப் போட்டு, சுவிட்சைக் கட்டிலுக்குத் தலைமாட்டில் வைக்கச் சொன்னாள். ராஜபாளையம் குட்டி ஒன்று வந்திருக்கிறது. இப்போதைக்கு அது கோழிகளைத்தான் மிரட்டுகிறது. 112-ஐ அப்பாவின் செல்போனில் எப்படி அழுத்துவது என்று பேரன் பத்து முறை சொல்லிக் கொடுத்தான்.

மனுப் படிவத்தை அண்ணன் கிழித்துப் போடவில்லை. பாதி நிரப்பியபடி அவன் காரில் கிடக்கிறது. எனக்கும் அதைக் கிழிக்கச் சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் தோட்டத்து நம்பரிலிருந்து போன் வந்தால் இன்னும் என் வயிறு கலங்கத்தான் செய்கிறது. அங்கே அப்பாவுக்கு அம்மா ஒரு கட்டளை போட்டிருக்கிறாள். மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, கிணற்றடியிலிருந்தே "நாந்தான், நாந்தான்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். கொடுக்காத அன்றைக்குக் கதவு திறக்காதாம்.