காணாமற்போன இகரம்

சென்ற மாதம் ராயகிரி வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு காகிதக்கட்டு கிடைத்தது. பன்னிரண்டு தாள்கள். 2002 இல், முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஆச்சி சொல்லச் சொல்ல நான் கணிப்பொறியில் தட்டெழுதிய ஒப்பாரிப் பாடல்கள் அவை.

கணிப்பொறி என்றால் மதுரையில் பழையதாக வாங்கிய 486. ஆச்சி அதனெதிரே முக்காலியில் அமர்ந்து, சாவுவீடு இல்லாத நேரத்தில் ஒப்பாரி பாடக்கூடாது என்று முணுமுணுத்துவிட்டு, பிறகு தாழ்ந்த குரலில் பாடுவாள். நான் நோட்டில் எழுதவில்லை. ஒலிநாடாவிலும் பதியவில்லை. இயந்திரத்தை அவ்வளவு நம்பினேன்.

கோப்பை ஃப்ளாப்பியில் ஏற்றிப் பக்கத்து ஊர் இணைய மையத்தில் உலாவி வழியே திறந்து அச்சிட்டேன். தாளில் இகரத்தைக் காணோம். 'இல்லை' எல்லாம் 'ல்லை' ஆகியிருந்தது. 'இருந்தாள்', 'ருந்தாள்' ஆகியிருந்தாள். அச்சுப்பொறியின் கோளாறு என்று எண்ணி, பிறகு பார்த்துக்கொள்ளலாமென வைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்தது. வன்தட்டும் பின்னர் பழுதாயிற்று. 2004 இல் ஆச்சி காலமானாள்.

அது அச்சுப்பொறியின் கோளாறன்று என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒரு பைட்டில் 256 எண்கள். முற்பாதி ஆங்கிலத்துக்குப் போக, எஞ்சிய 128 இல் நம் 247 எழுத்துகளையும் அடக்கியாக வேண்டும். ஆகவே கொம்பையும் காலையும் தனித்தனியே பிரித்து இடம் ஒதுக்கினார்கள். உலகெங்குமுள்ள தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி அத்தகைய ஓர் ஏற்பாடு. அதன் 1.6 பதிப்பில் இகரத்துக்கு வாய்த்த எண் 173.

மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 தரத்திலோ 173 என்பது 'மென் இணைகோடு'. வரியின் கடைசியில் சொல்லை உடைக்க நேர்ந்தால் மட்டும் அது தோன்றும். மற்ற நேரங்களில் மறைந்திருக்கும். இவ்விதியைக் கடைப்பிடித்த உலாவிகள் 173 ஐக் கண்டதும் கடமை தவறாமல் மறைத்தன. திஸ்கியின் 1.7 பதிப்பில் இகரத்துக்கு 254 ஆம் இடம் தரப்பட்டது. என் தாள்கள் அதற்கு முந்தைய எழுத்துருவில் அமைந்தவை.

வன்பொருளிலும் இத்தகைய பிடிவாதங்கள் உண்டு. 1987 இல் வந்த ஐபிஎம் விஜிஏ திரையமைப்பில் எழுத்தின் வடிவம் எட்டுப் புள்ளி அகலம். திரையில் அதற்குரிய இடமோ ஒன்பது புள்ளி. ஒன்பதாவது புள்ளி வெறுமையாக விடப்படும். ஆனால் 192 முதல் 223 வரையுள்ள எண்களுக்கு மட்டும் எட்டாவது புள்ளியே ஒன்பதாவதிலும் நகலாகும். கட்டம் வரையும் கோடுகள் இடையில் அறுபடாதிருக்கச் செய்த வசதி அது. அந்த எண்களில் தமிழ் வடிவத்தை ஏற்றினால், வலது ஓரத்தைத் தொடும் கால் தடித்துப்போகும். அங்கு இருப்பது கோடா, ரகரமா என்று இயந்திரம் பார்ப்பதில்லை.

என்னிடம் மிஞ்சியது தொல்காப்பியம் மட்டுமே. மெய் தனித்து மொழிக்கு முதலாகாது. ட, ர, ல, ற, ன வரிசைகளும் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகா. ஆகவே 'ல்லை' என்ற இடத்தில் தயங்காமல் இகரத்தைச் சேர்த்தேன். 'ரவு', 'லை', 'டுப்பு' எல்லாம் அவ்வாறே மீண்டன. இருபதாண்டுகளாக வகுப்பறையில் மாணவர்கள் கொட்டாவி விட்டுக் கேட்கும் மொழிமுதல் விதி, இயந்திரம் மறைத்ததை மீட்டுத் தந்தது. 'து', 'வன்' போன்றவற்றைப் பொருள்நோக்கிச் சரிசெய்தேன். மூன்று நாட்களில் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

ஓரிடத்தில் மட்டும் நின்றேன். தாத்தாவுக்காகப் பாடிய பாட்டில் 'மை நனைஞ்சுதே' என்று இருந்தது. ஆச்சி பாடியது மையா, இமையா? இரண்டும் தமிழ்ச்சொற்கள். இரண்டும் நனையும். இமை எனில் அது எல்லோருடைய அழுகை. மை எனில், அன்றோடு மை தீட்டுவதை விட்ட ஒரு பெண்ணின் அழுகை. இலக்கணம் இங்கே உதவவில்லை.

அத்தையிடம் கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "ரெண்டுந்தாம்ல பாடுவா. அன்னைக்கு அவளுக்கு எது வந்துச்சோ அது."

நான் தட்டெழுதிய அன்று எது வந்தது என்பது அந்த ஃப்ளாப்பிக்குத் தெரியும். 173 அதில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இப்போது பாடல்களை ஒருங்குறியில் ஏற்றி முடித்துவிட்டேன். அந்த ஓரிடத்தில் மட்டும் இகரத்தை அடைப்புக்குறிக்குள் இட்டு வைத்திருக்கிறேன்.