சங்ககிரியிலிருந்து சுவாமிமலைக்கு

சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போகிறவர்களுக்குச் சங்ககிரி துர்க்கம் ஒரு ஸ்டேஷன். இறங்கி மலை ஏறுகிறவர்களுக்கோ அது ஒரு சரித்திரம். 1805-ஆம் ஆண்டில் கும்பினியார் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இங்கேதான். வாசலுக்கு மேல் வாசலாகக் கடந்து உச்சியை அடைந்தால், தெற்கே திருச்செங்கோட்டு மலையின் திசை. மேற்கே சில மைல் தூரத்தில் காவேரி.

திருச்செங்கோட்டில் எழுந்தருளியிருப்பவர் அர்த்தநாரீசுவரர். அவரைத் தரிசித்துத் திரும்புகிறவர்களுக்கு, அம்மையப்பனின் வெண்கல உருவம் ஒன்று வீட்டில் இருக்கலாகாதா என்று ஆசை எழுவது இயல்பே. திருவெண்காட்டில் கிடைத்த சோழர் கால அர்த்தநாரி, சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. சிவபாகத்தில் இரண்டு கைகள். தேவி பாகத்தில் ஒன்றே. ஆயினும் இரு பாதிகளும் எங்கே இணைகின்றன என்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை!

இத்தகைய மூர்த்திகளின் நகலை நாடுவோர் காவேரியோடு கீழே போகவேண்டும். சங்ககிரிச் சீமையை ஒட்டி ஓடும் அதே நதியின் வண்டல்தான், கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகளுக்கு மூலதனம். தென்னையோலை நறுக்கை மடித்து அளவு குறித்துக்கொண்டு, தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவத்தைச் சமைக்கிறார்கள். அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்தி, சூடேற்றுகிறார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் செம்பு மிகுந்த உலோகக் குழம்பு புகுகிறது. ஆறியபின் மண்கருவை உடைத்துவிடுகிறார்கள். ஆகையால் ஒரு கருவுக்கு ஒரே மூர்த்தி. பிறகு உளி கொண்டு கண்ணும் அணிகளும் செதுக்கப்படுகின்றன. பழைய உருவத்தைப் பார்த்துச் செய்தாலும் ஒவ்வொன்றும் புதுப் பிறவியே.

ஆனால் நகலுக்கும் ஒரு நாணயம் வேண்டும். தஞ்சை ஜில்லாவில் சிவபுரத்து நடராஜரை 1950களில் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல்! அசலோ கடல் கடந்து, 1970களில் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையை அடைந்தது. இந்திய அரசாங்கம் வழக்குத் தொடர்ந்து, உடன்பாடு ஏற்பட்டு, 1980களிலேதான் அப்பெருமான் தாயகம் திரும்பினார்.

நகலைச் செய்யும் கை குற்றவாளியன்று. அதை அசலென்று சொல்லும் வாயே குற்றவாளி. வீட்டுக்கு அர்த்தநாரியை வாங்குகிறவர்கள், இன்னார் வார்த்த புது விக்கிரகம் என்று பெருமையுடன் சொல்லட்டும். அசல் தன் இடத்தில் இருக்கும், கலையும் உயிரோடிருக்கும்.