கை நடுக்கமும் கள்ளக் கையெழுத்தும்

பழைய ஹாலிவுட் நடிகர்கள் கையெழுத்துப் போட்ட போட்டோவைக் கையில் எடுத்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இது ஒரிஜினலா?" இதில் டாக்டருக்கு என்ன வேலைன்னு தோணும். இருக்கு மக்களே. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

1) காலமான என் சீனியர் டாக்டர் ஒருவர் இந்த மாதிரிப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று அவர் மனைவி நினைக்கிறார். பார்க்க வந்த வியாபாரி ஒருவர், ஜீன் ஹார்லோ படத்தை "சுத்தமான ஒரிஜினல்" என்றாராம். காத்தரின் ஹெப்பர்ன் படத்தை "கை நடுங்கியிருக்கு, யாரோ பார்த்து வரைஞ்சது" என்று ஒதுக்கிவிட்டாராம். "நீங்க ஒரு தடவை பாருங்க தம்பி" என்றார் மேடம்.

2) முதல்ல ஹெப்பர்ன். 1907ல் பிறந்தவர், 2003ல் இறந்தார். அவருக்கு 'எசென்ஷியல் ட்ரெமர்' இருந்தது. 1981ல் வந்த 'ஆன் கோல்டன் பாண்ட்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், தலையே ஆடும். இது பார்க்கின்சன் இல்லை. பார்க்கின்சனில் கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் அதிகம், எழுத்து போகப்போகச் சிறுத்துவிடும். எசென்ஷியல் ட்ரெமரில் கை வேலை செய்யும்போது நடுங்கும். காபி கப்பைத் தூக்கினால், பேனா பிடித்தால். எழுத்து சிறுக்காது, அலை அலையாகப் போகும்.

3) படத்தில் இருக்கிற முகத்துக்கு வயசு 30. ஆனா கையெழுத்துப் போட்ட கைக்கு 75 ஆகியிருக்கலாம். ரசிகர் பழைய படத்தை எப்போ அனுப்பினாலும் கையெழுத்து வாங்கலாமே! அதனால் நடுங்குது என்பதற்காக மட்டும் ஹெப்பர்ன் கையெழுத்தைத் தள்ளக்கூடாது. அவருடைய கடைசிக் காலத் தேதி போட்டு, வழுவழுன்னு ஒரு கையெழுத்து இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

4) போலி போடுகிறவன் கையும் நடுங்கும். வித்தியாசம் எங்கே? நோயின் நடுக்கம் ஒரே தாளத்தில், எல்லா எழுத்திலும் வரும். ஆனால் பேனா தயங்காது, எழுதுகிறவருக்கு எங்கே போகணும்னு தெரியும். போலியில் நடுக்கம் கஷ்டமான வளைவில் மட்டும் வரும். நடுவில் பேனா நின்ற புள்ளி, தூக்கி வைத்த ஒட்டு, மறுபடி பூசிய கோடு எல்லாம் லென்ஸில் தெரியும். மேடத்திடம் இருந்த படத்தில் நான் பார்த்தது முதல் வகை. "இதைக் குறைஞ்ச விலைக்குக் கொடுத்துடாதீங்க, கையெழுத்து நிபுணர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

5) அடுத்தது ஹார்லோ. 1937 ஜூன் 7ல், 26 வயதில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். டயாலிசிஸ் மெஷின் வராத காலம். ரசிகர்கள் கேட்ட படங்களில் பெரும்பாலானவற்றில் அவர் பெயரை எழுதியது அவருடைய அம்மா! இதில் ஒரு வேடிக்கை, நடிகையின் இயற்பெயர் ஹார்லீன் கார்ப்பென்டர். ஜீன் ஹார்லோ என்பது அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். அதாவது அம்மா எழுதியது ஒருவகையில் தன் சொந்தப் பெயரை. அந்தக் கையில் தயக்கம் எப்படி இருக்கும்?

6) எந்த டெஸ்ட்டுக்கும் முன்னாடி "இந்த ஆளுக்கு இந்த நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று பார்ப்பது எங்கள் வழக்கம். ஹார்லோ கையெழுத்து என்றாலே அம்மாவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பழைய பேப்பர், பழைய மை, சரளமான எழுத்து எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தச் சந்தேகம் தீராது. மகளே எழுதியது உறுதியான ஒரு ஆவணத்தோடு ஒப்பிட்டால்தான் தீரும். இதைக் கேட்டு மேடத்துக்கு முகம் வாடியது. ஆனாலும் "தெரிஞ்சுக்கிட்டே ஒரிஜினல்னு சொல்லி ஒருத்தர் தலையில் கட்ட மாட்டேன்" என்றார்.

7) வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில:

▪️ தோல் டாக்டர்கள் வைத்திருக்கும் வுட்ஸ் லாம்ப் மாதிரி ஒரு புற ஊதா விளக்கு. பளீர்னு நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பேப்பரில் வெண்மையூட்டி இருக்கிறது. 1930களின் போட்டோ பேப்பரில் அது கிடையாது.

▪️ பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 அக்டோபரில். 1937ல் இறந்தவர் அதில் கையெழுத்துப் போட முடியாது.

▪️ வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மை மேலே தனியாக மினுங்காமல் படத்தோடு படமாக இருந்தால் அது அச்சாக இருக்கலாம்.

▪️ இரண்டு கையெழுத்து இம்மி பிசகாமல் பொருந்தினால் சந்தோஷப்படாதீங்க. மனுஷன் இரண்டு முறை ஒரே மாதிரி எழுத மாட்டான். மெஷின் எழுதும், டிரேசிங் எழுதும்.

8) கவனிச்சீங்களா? இந்தச் சோதனைகள் எல்லாம் "இது பொய்" என்று சொல்லும். "இது நிஜம்" என்று எதுவும் சொல்லாது. விளக்கில் ஒளிரவில்லை என்றால் பேப்பர் தப்பித்தது, அவ்வளவுதான். கையெழுத்து இன்னும் தப்பிக்கவில்லை. ஒரு ரிப்போர்ட் நார்மல் என்றதும் நோயே இல்லைன்னு நாங்க சொல்றதில்லையே, அதே கணக்குதான்.

நடுக்கம் குற்றம் இல்லை, அழகு சாட்சியும் இல்லை. யார் கை, எந்த வயசில், எந்தப் பேனாவால் என்று கேட்டுவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க.