ஆட்டத்திற்கு முந்தைய கதை

தென்னேரியைச் சூழ்ந்த தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. அருச்சுனன் வேடம் புனைந்தவர் தபசு மரத்தில் ஏறும்போது, கீழே நிற்போர் அவரைக் கூத்தராகக் காண்பதில்லை; கைகூப்புகின்றனர். படுகளத்தில் துரியோதனன் வீழ்வான் என்பதை ஊரே அறியும். அறிந்தும் விடியும்வரை விழித்திருக்கிறது.

முடிவு எவருக்கும் தெரியாத ஒரு கூத்தை எண்ணிப் பார்க்கலாம். மேடையில்லை, ஒப்பனையில்லை. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதையுலகைப் படைத்து நிகழ்வுகளை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "கதவைத் திறக்கிறேன்" என்பதுபோல் தம் செயலை வாயால் கூறுவர். கதவு திறக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைப் பாத்திரமேற்பு விளையாட்டுக்கு வழிவகுத்தது. நம் தாயக்கட்டத்தில் வெட்டுப்பட்ட காய்க்காக எவரும் அழுவதில்லை. இங்கோ காய்க்குப் பெயரும் அச்சமும் ஆசையும் வந்துவிடுகின்றன.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சார்ந்த நண்பர் குழு ஒன்று வாரந்தோறும் கூடி இவ்வாறு ஆடியது. அவர்கள் சேர்ந்து படைத்த உலகின் பெயர் மிட்கெமியா. அக்குழுவில் ஒருவரான ரேமண்ட் ஃபீஸ்ட் தம் முதல் நாவலை அவ்வுலகிலேயே அமைத்தார். 'மெஜிஷியன்' என்னும் அந்நூல் 1982இல் வெளியாயிற்று.

ஆட்டத்தில் நடந்ததை அவர் அப்படியே எழுதிவிடவில்லை. எழுத விரும்பும் மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இது. பகடையில் நல்ல எண் விழுந்ததால் வீரன் பிழைத்தான் என்றால் ஆடுவோர் ஆரவாரிப்பர். அங்கில்லாத வாசகரோ காரணம் கேட்பார். ஃபீஸ்ட், நண்பர்கள் ஆடிய காலத்திற்குச் சுமார் 500 ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றார். நிலமும் நகரங்களும் ஆட்டம் தந்தவை. கோட்டைச் சமையற்கூடத்தில் வளர்ந்து, மந்திரவாதியின் மாணவனாகும் 'பக்' என்ற பெற்றோரற்ற சிறுவனின் வாழ்வோ நாவலுக்கென்றே உருவானது.

தென்னேரியில் எழுதப் புகும் இளைஞருக்கும் இவ்வழி அயலானதன்று. திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவிற்று என்பர். அத்திரையன், பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையன். கரையும் மதகும் கலங்கலும் இன்றும் கண்முன் உள்ளன, வரைபடத்திற்குக் குறைவில்லை. கரைக்கு மண் சுமந்தோர் யார், அவர்கள் எதற்கு அஞ்சினர் என்பதைத்தான் படைக்கவேண்டும். நண்பர் நால்வர் வேடமேற்று அமர்ந்தால், மழை பொய்த்த ஆண்டில் முதல் நீர் யார் வயலுக்கு என்ற வழக்கு ஒரே மாலையில் மூண்டுவிடும். மதகு காப்பவராக ஆடுபவர், எழுத இருப்பவர் கனவிலும் கருதாத விடையொன்றைச் சொல்வார். தனியே அமர்ந்து எழுதும்போது எல்லாப் பாத்திரங்களும் எழுதுபவரின் சொற்படியே நடக்கும். மேசையில் அவ்வாறு நடப்பதில்லை. பகடையைவிட அந்த எதிர்ப்பே பெரும்பேறு.

'மெஜிஷியன்' முதலில் அச்சேறியபோது நீளம் கருதிச் சில பகுதிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றை மீண்டும் சேர்த்த திருத்திய பதிப்பு 1992இல் வந்தது. தம்முடன் மேசையில் அமர்ந்து ஆடிய நண்பர்களுக்கு ஃபீஸ்ட் அந்நூலில் நன்றி கூறியிருக்கிறார்.