முதலில் முழங்காலை மடக்கு

ஜூன் 12, வியாழன்

மேட்டூரில் இன்று தண்ணீர் திறக்கிறார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. நாங்கள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே தஞ்சாவூர் கிளம்பிவிட்டோம். அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு எழுதிக்கொடுத்த சீட்டு மகள் கையில். 2013-இல் வந்த தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் இந்தக் குழுக்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. சந்தேகம் தட்டினால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், காது பார்ப்பவர், கண் பார்ப்பவர், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் என்று எல்லாரும் ஒரே இடத்தில். காசு கிடையாது. இப்படி ஒன்று இருப்பதே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பாப்பா முப்பதாவது வாரத்திலேயே பிறந்தவள். வயது 14 மாதம். முன்கூட்டிப் பிறந்த 10 வாரத்தைக் கழித்து ஏறக்குறைய 12 மாதம் என்றே கணக்கிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. இரண்டு வயது வரைக்கும் இந்தக் கணக்குதானாம். "இன்னும் நடக்கலையே" என்று மகள் கண் கலங்கினாள். நடக்க எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை ஆகலாம், அதற்கு இப்போது அழ வேண்டாம் என்றார். ஆனால் பிடிமானமில்லாமல் உட்காருவது ஒன்பது மாதத்துக்குள் வந்துவிடும். நம் பாப்பா இன்னும் உட்காரவில்லை, கால் இரண்டும் விறைத்துக் கத்தரி போல் பின்னிக்கொள்கின்றன. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

"இதுக்கு என்ன பேரு டாக்டர்?"

"பேரு அப்புறம் சொல்றேன்மா. வேலையை இன்னிக்கே ஆரம்பிச்சிடுவோம்."

அந்த வார்த்தைக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பெயர் தெரியட்டும் என்று காத்திருக்கும் மாதங்கள், மூளை வேகமாகக் கற்றுக்கொள்கிற மாதங்கள்.

ஜூன் 16, திங்கள்

பிசியோதெரபி தம்பி இன்று செய்து காட்டியதில் பாதி, நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பது. குழந்தையைத் தோளில் சாய்க்காமல் இடுப்பில் வைக்கச் சொன்னார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. தொடை விரிந்து அந்த இறுக்கம் தளர்கிறது, முதுகையும் அவளே நிமிர்த்த வேண்டியிருக்கிறது. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஆளுக்கொரு இடுப்பில் சுமந்த ஊர் இது.

ஜட்டி மாட்டுவதற்கும் முறை உண்டு. பாதத்தைப் பிடித்து இழுத்தால் கால் இன்னும் கம்பியாக விறைக்கும். முதலில் முழங்காலை மடக்க வேண்டும், மெதுவாக விலக்க வேண்டும், அப்புறம் துணி. என்னையும் செய்யச் சொன்னார். "அம்மாவுக்கு மட்டும் கத்துக்கொடுத்து அனுப்பினா பத்தாது சார். வாரத்துல ஒரு மணி நேரம்தான் எங்கிட்ட. மீதியெல்லாம் உங்க வீட்டுலதானே?" என்றார். கூடத்தில் சுற்றிப் பார்த்தேன். காத்திருந்த பதினைந்து இருபது பேரில் ஆண்பிள்ளை என்று நானும் ஓர் ஆட்டோக்காரரும்தான். அது எனக்குச் சகிக்கவில்லை. வேலை இருக்கிறது, கூலி போகும், எல்லாம் சரி. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்குவது, உடுத்துவது எல்லாமே பயிற்சி என்றால், அத்தனையும் ஒருத்தி தலையில் ஏறுவது எந்த ஊர் நியாயம்?

ஜூலை 2, புதன்

எதிர்வீட்டு அக்கா வந்து ஆறுதல் சொன்னார்: "குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் வாய் தொறக்கலையாம், நீங்க தமிழ் வாத்தியார், உங்களுக்குத் தெரியாததா?" தெரியும். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளின் காது பரிசோதனை தள்ளிப்போயிருக்கிறது என்பதும் தெரியும். 12 மாதத்தில் மழலை ஒலி இல்லையென்றால், 16 மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லையென்றால் காட்டிவிட வேண்டும். பாப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, "த்தா" என்கிறாள். அக்காவிடம் அவர் பேரனைப் பற்றித்தான் பதமாக எடுத்துச் சொன்னேன். இரண்டு வயது ஆகப்போகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

குமரகுருபரர் என்றதும் அவர் பாடிய பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வந்தது. செங்கீரைப் பருவம்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது, ஐந்தாம் மாதம் என்பார்கள். சப்பாணி ஒன்பதாம் மாதம், இரண்டு கையும் நடுவில் சேர்ந்து கொட்டுவது. வகுப்பில் பருவங்களை மனப்பாடம் செய்யவைத்தே ஓய்வுபெற்றேன். இப்போது பாயில் பாப்பாவைக் குப்புறவிட்டு, மார்புக்கடியில் துண்டைச் சுருட்டிவைத்து, உள்ளங்கையை விரித்து ஊன்றவைக்கும்போதுதான் பாடியவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று விளங்குகிறது.

ஜூலை 13, ஞாயிறு

மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து ஆசையாக வாக்கர் வாங்கி வந்தார், உட்காரவைத்து உருட்டுகிற பிளாஸ்டிக் வண்டி. மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: இதில் நுனிக்காலால்தான் உந்துவாள், நமக்கு ஆகவே ஆகாது. சாதாரணக் குழந்தைகளே படியில் உருண்டு தலையில் அடிபடுவதால் கனடாவில் 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். அவர் முகம் வாடியது. அவரையே பாயில் உட்காரச் சொல்லி, இரண்டு தொடைக்கு நடுவில் பாப்பாவை உட்காரவைத்தோம். கிலுகிலுப்பையைப் பக்கவாட்டில் நீட்டினார். அவள் ஒரு கையை ஊன்றி, மறுகையால் எட்டினாள். "இதுதான் தெரபியா?" என்றார். சாயந்திரம் ரயிலுக்கு நேரமாகியும் எழுந்திருக்க மனசில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. பிள்ளைகள் தெருவில் சப்பரம் இழுக்கிறார்கள். பாப்பாவுக்கு ஆசாரி நடைவண்டி கொண்டுவந்தார். பின்னால் நின்று தள்ளுகிற பழைய மர வண்டிதான். பிசியோதெரபி தம்பி சொன்னபடி மூன்று சக்கரத்துக்குப் பதில் நான்கு, அடி அகலம், முன்பக்கம் ஒரு பெட்டி. வண்டி கைவிட்டு ஓடாமலிருக்கப் பெட்டியில் பாரம் வைக்க வேண்டும். "எவ்வளவு பாரம் வாத்தியாரய்யா?" என்று கேட்டு, செங்கல்லா அரிசியா என்று ஆசாரி நெடுநேரம் யோசித்தார். அரிசிதான், கூட்டிக் குறைக்கலாம். நிற்க இன்னும் நாளாகும். இப்போதைக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றுகிறாள், சுவர் மூலையில் சாய்மானத்தோடு ஐந்து நிமிஷம்போல.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாளை தஞ்சாவூர். கேட்க வேண்டியவற்றை எழுதிவைத்திருக்கிறேன். கணுக்காலுக்கு ஸ்பிளின்ட் இப்போதா, நின்ற பிறகா? இடுப்பு எலும்பு விலகுகிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எப்போது? கஞ்சி ஊட்டும்போது தலையைப் பின்னுக்குத் தள்ளுகிறாள், எந்த வாட்டத்தில் பிடிப்பது? மகளுக்கு முதுகு வலி, அவளையும் யாராவது பார்ப்பார்களா? எதிர்வீட்டு அக்காவின் பேரனுக்குக் காது பரிசோதனையின் அடுத்த பகுதி நாளைதான். எல்லாரும் ஒரே பஸ்ஸில் போகிறோம்.