ஒற்று வேலைக்கு நூறு ரூபாய்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பர்கர் கடை. அதன் தரத்தை வாடிக்கையாளர் போல் சென்று அறிந்து எழுதும் பணி சென்ற மாதம் நமக்கு வாய்த்தது. உண்ட விலை திரும்பக் கிடைக்கும். கூலி நூறு ரூபாய். ஸ்ரீரங்கத்திலிருந்து போய் வந்த பேருந்துச் செலவு நம்முடையதே.

பர்கர் வரப் பன்னிரண்டு நிமிடமாயிற்று. இறைச்சி வடையின் நடுப்பகுதி குளிர்ந்திருந்தது. உருளைக்கிழங்கு வறுவல் துவண்டிருந்தது. நிமிடக் கணக்குக்கும் இளைஞனின் புன்னகைக்கும் படிவத்தில் கட்டங்கள் இருந்தன. புன்னகைக்குச் சுழி இட்டோம். பணம் வாங்குவது, பொரிப்பது, மேசை துடைப்பது எல்லாம் அவன் ஒருவனே என்று எழுதத்தான் இடமில்லை. தனிக்குறிப்பாகச் சேர்த்தோம், நீக்கி அனுப்பும்படி பதில் வந்தது. நீக்கினோம். கூலியும் வந்தது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வேறொரு வழி காட்டுகிறது. வாங்கிய உணவை எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் செய்யலாம். சட்டத்துக்கு மாறானது என அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் வாங்கும்போதே அந்நோக்கத்தைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ஒளிந்து பார்ப்பவருக்கு வரவு, முகங்காட்டிக் கேட்பவருக்கு முதலில் செலவு, வேடிக்கைதான்!

சொல்லிவிட்டே வாங்குவோம் என்று சென்ற வெள்ளிக்கிழமை மீண்டும் போனோம். கல்லாவில் வேறொருவன் நின்றிருந்தான்.